சபாவில் துண்டு விழுகிறது: டிக்கெட் விலையை ஏற்றலாமா?

11 ஜூன் 2023, வாசகர் கேள்வி

மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் எங்கள் சபா ஆண்டுக்கு 14 கச்சேரிகள் நடத்துகிறது. மார்ச் முடிவில் கணக்குப் பார்த்தால் 3,10,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கிறது. போன ஆண்டும் விழுந்தது, இவ்வளவு இல்லை. செயற்குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி டிக்கெட்டை 200இலிருந்து 400 ஆக்கச் சொல்கிறது, இன்னொன்று கச்சேரிகளை எட்டாகக் குறைக்கச் சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

11 ஜூன், இரவு, பதில்

இரண்டாலும் துண்டு அடைபடாது. செம்பூர்ப் பக்கம் ஒரு சிறிய சபாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். ரயில்வே கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். போன டிசம்பரில் எங்கள் கச்சேரி ஒன்றின் கணக்கை அப்படியே தருகிறேன்.

அரங்க வாடகை, குளிர்சாதனத்தோடு 34,000. பாடகருக்கு 66,667. வயலின் 15,000, மிருதங்கம் 15,000, கடம் 10,000. சென்னையிலிருந்து வந்துபோக 14,000. ஒலிபெருக்கிக்காரருக்கு 11,000. அழைப்பிதழ், மாலை, பொன்னாடை, டிபன், காபி 7,500. மொத்தம் 1,73,167.

வரவு: விளம்பரதாரர் ஒருவர் கொடுத்த 50,000. டிக்கெட் 300 ரூபாய் வீதம் 71 பேர், 21,300. துண்டு 1,01,867.

டிக்கெட்டை 600 ஆக்கி, அந்த 71 பேரில் ஒருவர்கூடக் குறையாமல் வந்தாலும் துண்டு 80,567. இப்போது சொல்லுங்கள், விலையேற்றம் எதை அடைக்கும்?

பாடகருக்கு அதென்ன 66,667 என்று கேட்பீர்கள். அவர் கேட்டது 60,000, ஆனால் "கையில்" என்றார். 2022-23 விதிப்படி 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்டவேண்டியிருந்தது. அந்த 6,667ஐ நாங்கள் சுமந்தோம். "கையில்" என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை. ஒப்பந்தம் பேசும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன ஆண்டுத் துண்டைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். நம் சபாக்களைப் போன்ற அறக்கட்டளைகள் துண்டை அடுத்த ஆண்டின் வருமான வரிக் கணக்குக்குக் கொண்டுபோய்க் கழித்துக்கொள்ளலாம்.

12 ஜூன்

ஜி.எஸ்.டி. பற்றி ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். இசை, நடனம், நாடகத்துக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு வரி இல்லை. செவ்வியல் கலைஞரும் நாட்டார் கலைஞரும் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் ஒன்றரை லட்சம் வரையிலான சம்பளத்துக்கும் இல்லை. தவிர, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே. டோம்பிவிலிக்காரர் இந்த ஒரு விஷயத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

18 ஜூன்

நேற்று எங்கள் தணிக்கையாளர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தார். 11ஆம் தேதி நான் எழுதிய கடைசி வரி தவறு. ஒரு காலத்தில் சரியாக இருந்தது: கூடுதலாகச் செலவானதை அடுத்த ஆண்டின் வரவில் கழிக்கலாம் என்று 2003இல் மும்பை உயர் நீதிமன்றமே சொன்னது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. வரிவிலக்கு வேண்டுமென்றால் வரவில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே அறக்கட்டளையின் நோக்கத்துக்காகச் செலவிட்டுக் காட்டவேண்டும், பழைய துண்டு அதில் சேராது. தொடாமல் வைக்கவேண்டிய அசலான மூலநிதியிலிருந்து எடுத்துச் செலவழித்தாலும் சேராது, திருப்பி வைக்கும் ஆண்டில்தான் கணக்கில் வரும்.

நடைமுறையில் என்ன ஆகும்? இந்த ஆண்டு மூன்று லட்சம் துண்டு, அடுத்த ஆண்டு ஒரு புண்ணியவான் ஐந்து லட்சம் தருகிறார் என்று வையுங்கள். பழைய துண்டை அடைக்கத்தானே அந்தப் பணம் போகிறது என்று வரித் துறையிடம் சொல்ல முடியாது. நான் ஓய்வு பெற்றது 2018இல். அன்று தெரிந்த சட்டத்தை வைத்துக்கொண்டு இன்று உபதேசம் செய்தேன். மன்னிக்கவும்.

18 ஜூன், மாலை

பாமோல், போவன் என்று இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966இலேயே இதை எழுதிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஓர் ஆள் முன்பைவிடப் பத்து மடங்கு பொருள் செய்வான், ஆனால் நால்வர் வாசிக்கும் இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்கவேண்டும். மற்ற தொழில்களில் கூலி ஏறும்போது இவர்களுக்கும் ஏற்றவேண்டும், உற்பத்தியோ ஏறாது. நமக்கும் அதே கதைதான். தோடி ராக ஆலாபனையை இயந்திரம் வைத்துச் சீக்கிரம் முடிக்க வழியில்லை.

நாம் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான்கு மணி நேரக் கச்சேரியை இரண்டே கால் மணி நேரமாக்கினோம். சம்பளம் பாதியாகவில்லை.

2 ஜூலை

டோம்பிவிலிக்காரர் இன்னும் பதில் போடவில்லை. போடும்வரை என் கதையைச் சொல்கிறேன்.

அந்த டிசம்பர்க் கச்சேரியில் அரங்கு காலியில்லை. 360 இருக்கைகளில் ஏறக்குறைய 260 பேர். அதில் 71 பேர்தான் டிக்கெட் வாங்கியவர்கள். மீதி யார்? சந்தேகம் வந்து போன ஞாயிறு அலுவலக அறைக்குப் போனேன். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி, பகடி முறையில், அதாவது முதலில் ஒரு பெருந்தொகை கொடுத்துக் குறைந்த வாடகைக்கு எடுத்த அறை. இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில், நைந்த ஜமக்காளத்துக்கு அடியில், காலிகோ அட்டை போட்ட ஆயுள் உறுப்பினர் பேரேடு.

1984 முதல் 1991 வரை, ஊதா மசியில், அழகான கையெழுத்து. பெயர், முகவரி, ரசீது எண், தொகை. முதலில் 500 ரூபாய், 1988க்குப் பிறகு 1,000. ஒவ்வொருவருக்கும் எல்லாக் கச்சேரிக்கும் இரண்டு இடம், வாழ்நாள் முழுவதும். எண்ணினேன். 212 பேர். அதாவது 360 இருக்கை உள்ள அரங்கில் 424 இருக்கைகளை ஏற்கெனவே விற்றுவிட்டோம்! எல்லோரும் ஒரே நாளில் வந்தால் டிக்கெட் வாங்கியவர் வாசலில் நிற்பார்.

அன்று வந்த பணத்தில் அறைக்குப் பகடி கொடுத்தார்கள், ஒலிபெருக்கி வாங்கினார்கள், வரவு என்று எழுதி அந்தந்த ஆண்டே மூடிவிட்டார்கள். அது வரவே இல்லை, கடன். ஒவ்வொரு கச்சேரியிலும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பேரேட்டை ஒன்பது ஆண்டுகளாக நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. 31 ஆண்டுகள் கணக்குப் பிரிவு என்று மேலே பெருமை அடித்துக்கொண்டேன்.

3 ஜூலை

"ஆயுள் உறுப்பினர்களால்தான் சபா வளர்ந்தது, அவர்களைக் குறை சொல்லாதீர்கள்" என்று கோபமாக ஒருவர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. விற்றவர்களைச் சொல்கிறேன். அவர்களில் என் அத்தானும் ஒருவர்.

16 ஜூலை

ஆயுள் உறுப்பினரை விடப் பெரிய ஓட்டை நினைவுக் கச்சேரி. உங்கள் சபாவிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

1993இல் ஒருவர் தன் தகப்பனார் பெயரில் 25,000 ரூபாய் கொடுத்தார். வங்கியில் நிரந்தர வைப்பு, 12 சதவீத வட்டி, ஆண்டுக்கு 3,000. அன்று வளரும் பாடகர், வயலின், மிருதங்கம் மூவருக்கும் அது போதும், பள்ளிக்கூட அரங்கு கிட்டத்தட்ட இலவசம். 2020இல் வட்டி ஐந்தரைக்கும் கீழே போயிற்று, அதே பணத்துக்கு 1,350 ரூபாய். இன்று 7 சதவீதம் என்று வைத்தாலும் 1,750. அன்றைய ஒலிபெருக்கிச் செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் அழைப்பிதழில் தகப்பனார் பெயர், மேடையில் படம், குத்துவிளக்கு, 45,000 ரூபாய்க் கச்சேரி. இப்படி எங்களிடம் பதினொன்று.

பதினொரு தகப்பனார்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு நான்கரை லட்சம் போல ஆகிறது. துண்டு எங்கிருந்து விழுகிறது என்று ஒன்பது ஆண்டுகள் தேடினேன்.

16 ஜூலை, இரவு

எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

2019 அக்டோபரில் மூன்று நாள் விழா. விளம்பரதாரர் கடைசி வாரத்தில் பின்வாங்கினார். நான் ஒரு நினைவு வைப்பு நிதியை, ஒரு லட்சம் ரூபாயை, உடைத்து அரங்க வாடகையும் முன்பணமும் கட்டினேன். தீர்மானப் புத்தகத்தில் "தற்காலிக ஏற்பாடு" என்று எழுதினேன். அடுத்த மார்ச்சில் கொரோனா. தற்காலிகம் இன்றோடு மூன்று ஆண்டு ஒன்பது மாதம்.

அந்த நிதியைக் கொடுத்தவரின் மனைவிக்கு 86 வயது. ஒவ்வோர் ஆண்டும் மஞ்சள் பையில் கணவரின் படத்தைத் தானே கொண்டு வருவார், சபாவில் இருக்கும் படத்தில் அவர் முகம் சரியாக இல்லையாம். போன ஆண்டு படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பிக் கேட்டார். "அந்தப் பணம் பத்திரமாகத்தானே இருக்கிறது, அம்பி?"

"இருக்கிறது, மாமி" என்றேன்.

23 ஜூலை

முந்தைய குறிப்புக்கு வந்த தனிக் கடிதங்களுக்கு நன்றி. வேறு மூன்று சபாப் பொருளாளர்கள் இதையே செய்திருக்கிறார்கள். எனக்கு இது ஆறுதல் தரவில்லை.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் நியூயார்க் சிட்டி ஆபரா. 1943இல், சாமானியர்களும் குறைந்த கட்டணத்தில் இசைநாடகம் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். துண்டு விழ விழ மூலநிதியில் கைவைத்தார்கள். வட்டி குறைந்தது, துண்டு பெருத்தது, மேலும் எடுத்தார்கள். 2013இல் கடைசி முயற்சியாக இணையத்தில் பத்து லட்சம் டாலர் கேட்டார்கள், சுமார் மூன்று லட்சம்தான் சேர்ந்தது. திவால் மனு கொடுத்தார்கள். நம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் அதற்கும் எட்டாத தூரம்தான், என்றாலும் முதல் படி ஒன்றே.

30 ஜூலை

தலைவர் பெருந்தன்மையாக இரண்டு லட்சம் கைமாற்றுத் தருகிறேன் என்றார், வட்டி வேண்டாமாம். வாங்கியிருப்பேன். தணிக்கையாளர் தடுத்தார். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி, அறங்காவலர்கள் அறக்கட்டளைக்காகக் கடன் வாங்க அறநிலைய ஆணையரின் முன் அனுமதி வேண்டும். வட்டி இல்லாத கடனும் கடன்தான். டோம்பிவிலிக்காரரே, இது உங்களுக்கும் பொருந்தும். கொடுக்க விரும்புகிறவர் நன்கொடையாகக் கொடுக்கட்டும், ரசீது வாங்கட்டும். அதுவும் ரொக்கம் வேண்டாம்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை, அதாவது கொடுப்பவருக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது.

நன்கொடை என்றதும் தலைவரின் இரண்டு லட்சம் 15,000 ஆகிவிட்டது. அதுவும் நல்லதுதான்.

20 ஆகஸ்ட்

ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்தவர் தாராவியில் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம் புலம்பினேன். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இங்கிருந்தும் ஊர் வரி போகிறதாம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முதலில் தீர்மானம், பிறகு வசூல், வந்ததைப் பார்த்த பிறகுதான் எந்த வில்லுப்பாட்டு, எத்தனை செட் மேளம் என்று பேசுவார்களாம். வசூல் குறைந்தால் ஒரு செட் மேளம் குறையும். மிச்சம் இருந்தால் வாணவேடிக்கை. "துண்டா? அப்படி ஒன்று எங்கள் கொடையில் விழுந்ததே இல்லை" என்றார்.

நாமோ நவம்பரில் பாடகரிடம் தேதி வாங்கிவிட்டுப் பிப்ரவரியில் பணம் தேடுகிறோம்.

21 ஆகஸ்ட்

இரவு யோசித்ததில் நேற்றைய உற்சாகம் பாதியாகிவிட்டது. கொடைக்கு வரி தராவிட்டால் ஊர் கேட்கும். கச்சேரிக்கு வராவிட்டால் யார் கேட்கிறார்கள்? வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் அதே பாடகரைக் கேட்கலாம். வசூலுக்குப் பின் செலவு என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

3 செப்டம்பர்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமே என்று இருவர். அந்த நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன, உண்மை. ஆனால் 12ஏ (அறக்கட்டளைக்கான வரிவிலக்கு), 80ஜி பதிவுகள் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்திலும் பதியவேண்டும், மூன்று ஆண்டு வேலைக்குச் சான்று காட்டவேண்டும். எல்லாம் முடித்து ஒரு கம்பெனிக்குப் போனேன். எத்தனை குழந்தைகளுக்குக் கற்றுத் தருகிறீர்கள் என்றார்கள், புகைப்படம் கேட்டார்கள். போன ஆண்டின் பள்ளத்தை நிரப்ப என்று சொன்னபோது அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார். குறை சொல்ல மாட்டேன், நான் அவர் இடத்தில் இருந்தாலும் மூடியிருப்பேன்.

ஒருவர் மும்பையின் சண்முகானந்தா சபாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். 1990இல் எரிந்து 1998இல் மீண்டும் எழுந்த அரங்கு, ஆயிரக்கணக்கான இருக்கைகள், வெளியாருக்கு வாடகைக்கு விடக் கட்டிடம். எங்களுக்கு இருப்பது இரண்டாம் மாடியில் ஓர் அறை, அதுவும் பகடி. யானை நடப்பதைப் பார்த்து ஆடு என்ன கற்கும்?

10 செப்டம்பர்

பதினொரு நினைவுக் கச்சேரிக் குடும்பங்களுக்கும் கடிதம் எழுதினேன். வட்டிக் கணக்கை அப்படியே போட்டேன், மழுப்பவில்லை. இனி பதினொரு கச்சேரிகள் கிடையாது, மூன்றே கச்சேரிகள், ஒவ்வொன்றிலும் பலர் நினைவு. தனிக் கச்சேரி வேண்டுமென்றால் அசலைக் கூட்டுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து ஒரு மகன் அன்றிரவே அழைத்தார், 5,000 டாலர் அனுப்புவதாக. எனக்குக் கண்ணில் நீர். பிறகு கேட்டேன், "தம்பி, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?" அமெரிக்கா. வெளிநாட்டு நிதிப் பதிவு இல்லாத நாங்கள் அவரிடம் ஒரு டாலர்கூட வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கிருந்து தன் சம்பளத்தை அனுப்பலாம், குடியுரிமை மாறியவர் அப்படியல்ல. அவர் தகப்பனார் மாட்டுங்காவிலேயே பிறந்து மாட்டுங்காவிலேயே இறந்தவர் என்பதெல்லாம் சட்டத்துக்குப் பொருட்டில்லை. கடைசியில் முலுண்டில் இருக்கும் அக்கா தன் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஒன்றரை லட்சம் தந்தார்.

29 அக்டோபர்

ஜூலை 16ஆம் தேதி இரவு எழுதிய விஷயத்தைச் செயற்குழுவில் சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் யாரும் என்னோடு பேசவில்லை. பிறகு ஏழு பேரும் ஆளுக்கு 15,000 நன்கொடை, மொத்தம் 1,05,000. ஒரு லட்சம் வைப்பாகத் திரும்பிப் போனது, இன்றைய ரசீது என் மேஜையில். மீதி 5,000 இத்தனை நாள் வராத வட்டிக்குக் காணாது. மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

19 நவம்பர்

சொன்னேன். "எனக்குத் தெரியும். நீ இருக்கிறது என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லையே" என்றார். காபி கொடுத்தார்.

21 ஜனவரி 2024

ஆயுள் உறுப்பினர் நிலவரம். 58 பேர் காலமாகிவிட்டார்கள். அவர்களின் பாஸ்களில் பேரனும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துகொண்டிருந்தார்கள், ஒரு பாஸில் வீட்டு மருத்துவரே வந்திருக்கிறார். 37 கடிதங்கள் முகவரி மாறித் திரும்பின. மற்றவர்களிடம் உரிமையைப் பறிக்கவில்லை. ஆண்டுக்கு 2,000 ரூபாய் விருப்பப் பங்களிப்பு கேட்டோம், 41 பேர் தந்தார்கள், 82,000. இது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

தராதவர்களில் ஒருவர் திருப்பி எழுதியது: "வாழ்நாள் முழுவதும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். நான் இன்னும் வாழ்கிறேன்." அந்தக் கடிதத்தை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

22 ஜனவரி

டோம்பிவிலிக்காரர் ஏழு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். டிக்கெட்டை 400 ஆக்கினார்களாம். வாங்குபவர்கள் பாதியானார்கள், வசூல் அதேதான். அவர்களிடம் ஆயுள் உறுப்பினர்கள் 90, நினைவுக் கச்சேரி 6. ஐயா, இதை ஜூனிலேயே எண்ணியிருக்கலாம்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். 2023-24 கணக்கு மூடியாயிற்று. ஆண்டுத் தொடக்கத்திலேயே பொது நிதியிலிருந்து 60,000 வரை துண்டு போகலாம் என்று தீர்மானம் போட்டிருந்தோம். போனது 74,300. பாடகருக்குக் காய்ச்சல் வந்து தேதி மாறியதில் விமான டிக்கெட்டும் அரங்க முன்பணமும் 13,000 பாழ். மீதி 1,300 எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கிறேன், காபி என்று சந்தேகம். நினைவு வைப்புகள் பதினொன்றில் ஆறு குடும்பங்கள் அசலைக் கூட்டின, இரண்டு போதும் என்றன, மூன்று குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மூன்றையும் உடைக்கமாட்டேன்.

15 ஏப்ரல்

மேலே 212 ஆயுள் உறுப்பினர்கள் என்று எழுதியிருந்தேன். 209. மூன்று பேரிடம் இரண்டு முறை வசூலித்திருக்கிறார்கள். ஒருவர் என் அத்தான்.